தலைவர் தேர்தலும் என் சொந்த நாற்காலியும்

மரியாதைக்குரிய மூத்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதும் கடிதம். இங்கே நான் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தங்கள் தாயார் சம்பந்தியம்மாளையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். கல்யாணத்தன்று முதல் வாய் வைத்ததுமே "உப்பே இல்லையே" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னவர் அவர். இருந்தாலும் எந்தக் கடிதத்திலும் நான் அவரை விசாரிக்காமல் விட்டதில்லை.

தாங்கள் கோபமாக இருப்பதாக மகள் போனில் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "அம்மா, அவரு கேக்குறாரு, உங்க அம்மா என்ன நெனச்சுக்கிட்டு தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து நின்னாங்கன்னு" என்றாள். பேப்பரிலும் "மருமகனை மடக்கிய மாமியார்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் படம் கிடைக்காமல் வேறு யாரோ ஒரு கிழவியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அவர் மருமகனோடு என்ன வம்பு வந்ததோ, பாவம். மாப்பிள்ளை, நான் யாரையும் எதிர்த்து நிற்கவில்லை. நான் நிற்கவே இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பாதியில் கசக்கிப் போடாமல் கடைசி வரை படிக்கவும். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், அதற்கும் கோபிக்க வேண்டாம். நான் எழுதப் பழகியதே கட்சிக்காகச் சுவரில் எழுதித்தான். கைக்கு அந்த அளவுதான் வரும்.

முதலில் நம்ம கட்சியில் ஓட்டுப் போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் மேடை மேடையாகப் பேசுகிறவர், கிளைக் கூட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காச்சு, மறந்திருக்கும். கட்சி ஆரம்பிச்சப்ப எங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. சீட்டில் முத்திரை குத்தச் சொன்னா தப்பான இடத்துல குத்திட்டு வீட்டுக்குப் போய் அழுவோம். கையைத் தூக்கச் சொன்னா பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்குவோம். அதனால எங்க வீட்டு முன்னறையில உட்கார்ந்து, அப்ப உங்க மாமனார் உயிரோட இருந்தார், ஒரு விதி போட்டாங்க. எந்த உறுப்பினரை வேணும்னாலும் தலைவரா கேட்கலாம், அவரோ அவருக்காகப் பேசுற ஆளோ ஒரு இடத்துல நிக்கணும், வேணுங்கிறவங்க போய் அவரைச் சுத்தி நின்னுக்கணும். மேலிடத்துலருந்து வந்தவர் விசில் ஊதுவார். ஊதினப்புறம் ஒருத்தரும் அசையக் கூடாது. யாரைச் சுத்தி அதிகம் பேரோ, அந்தக் கிளையோட ஓட்டு அவருக்கு. கிளைக்கு ஒரு ஓட்டு. இந்த விதியால இன்னைக்கு வரைக்கும் ஒரு தகராறும் வந்ததில்லை. ஏன்னா இன்னைக்கு வரைக்கும் ஒரே ஆள்தான் தலைவருக்கு நின்னார். இப்ப அவருக்கு வயசாகி, மேடையிலயே தூங்கி, மாலை போட வந்தவங்களை யாருன்னு கேட்டு, ஒருவழியா ஒதுங்கிக்கிட்டார். அதனால நீங்களும் பல் டாக்டரும் போட்டி. விதியைப் போட்டவங்கள்ல உயிரோட இருக்கிறது நான் ஒருத்திதான். அதை யாரும் என்கிட்ட கேட்கலை, நானும் சொல்லலை.

அடுத்தது நாற்காலி. உங்களுக்கு ஞாபகம் இல்லை போலிருக்கு. எனக்கு இருக்கு, எழுதுறேன். நம்ம கட்சியோட அந்தப் பெரிய மாநாடு. வாரக்கணக்கா நான் மாவு காய்ச்சிப் பசை கிண்டி, தெருத்தெருவாப் போஸ்டர் ஒட்டி, விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்தது. அதுக்காகச் செயலாளரே கூப்பிட்டு முன் வரிசையில ஒரு நாற்காலியைக் காட்டி, "இது உங்களுக்கு"ன்னார். உட்கார்ந்தேன். அப்ப நீங்க வந்தீங்க. ஊதாச் சட்டை, பையில பேனா ஒழுகி ஒரு கறை, அது ஆமை மாதிரி இருந்தது. உங்க பின்னால சிமென்ட் ஏஜென்ட். அவர் கட்சியில சேர்ந்தே ஒரு வாரம் ஆகியிருக்காது. "அத்தை, கொஞ்சம் எழுந்திரிங்க"ன்னீங்க. மாப்பிள்ளை சொல்றாரே, ஏதோ அவசரம் போலன்னு எழுந்தேன். நீங்க கர்சீப்பை எடுத்து நாற்காலியைத் தட்டினீங்க. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை. தட்டிட்டு, "உட்காருங்க சார்"ன்னு அவரை உட்கார வச்சீங்க. நான் கூட்டம் முடியுற வரைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்துல நின்னேன். அந்தப் பக்கத்துக் காது இன்னும் குய்யுனு கத்துது. அந்தச் சிமென்ட் ஏஜென்ட் இப்ப எந்தக் கட்சியில இருக்கார்னு உங்களுக்கே தெரியும். உங்களைக் கட்சியில சேர்த்தது யாருன்னும் தெரியும். பொண்ணு பார்க்க வந்த மறு வாரமே உங்க விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைச்சவ நான்தான்.

மறு நாளே எங்க தெரு ஆசாரிகிட்ட சொல்லி ஒரு மடக்கு நாற்காலி செஞ்சேன். அன்னையிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என் நாற்காலி என் கக்கத்துல. சொந்த நாற்காலியிலருந்து யாரும் எழுப்ப முடியாது பாருங்க. மழையில போயிருக்கேன், பஸ்ஸுல நிக்க இடமில்லாதப்ப அதை விரிச்சு உட்கார்ந்து கண்டக்டர்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். போன வருஷம் உங்க தம்பி என்னைக் கேட்காம அதுல உட்கார்ந்து, பின்னால சாய்ஞ்சு ஊஞ்சல் ஆடி, ஒரு காலோட நுனியை உடைச்சுட்டார். அதுலருந்து அது ஆடுது. அவரையும் விசாரிச்சதாச் சொல்லுங்க.

அப்படின்னா பல் டாக்டருக்குப் போட்டிருக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். அவரும் ஒண்ணும் யோக்கியம் இல்லை. எனக்கு ஒரு பல்லு வலிச்சுது, தொட்டுக் காட்டினேன். அவர் யாரோ மந்திரி போன்ல பேசுறார்னு அந்தப் பக்கம் திரும்பி "ஆமாங்க, ஆமாங்க"ன்னுக்கிட்டே பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டார். வலிச்ச பல்லு அங்கேயே இருந்து இன்னும் நாலு மாசம் வலிச்சுது. ஆக ஒருத்தர் என் நாற்காலியை எடுத்தவர், ஒருத்தர் என் பல்லை எடுத்தவர். இதுல யாரைச் சுத்தி நான் போய் நிக்கிறது? அதனால, கூட்டத்துக்குப் போவோம், கட்சிக்காரின்னா போகணும், ஆனா ரெண்டு பக்கமும் போகாம நடுவுல உட்கார்ந்துட்டு வந்துடுவோம்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் கிளம்பினேன்.

கிளை ஆபீஸ் இன்னும் அதே சைக்கிள் கடை மாடிதான். மேற்கால ஜன்னல், அதுக்குக் கதவு கிடையாது, மத்தியானத்துக்கு மேல வெயில் அப்படியே உள்ளே வந்து படுத்துக்கும். கிழக்கால கழிப்பறை, அதுக்குக் கதவு உண்டு, ஆனா சாத்தாது. மேலே ரெண்டு ஃபேன். ஒண்ணுக்கு இறக்கை இல்லை. இன்னொண்ணு நடுவுல ஓடும். வழக்கமா என் நாற்காலி அதுக்கு அடியிலதான், அன்னைக்கும் அங்கதான் விரிச்சேன். உங்களுக்காகப் பேசுற ஆளு தையல்காரர், பல் டாக்டருக்காக அவர் கம்பவுண்டர். காசு சுண்டி இடம் பிரிச்சாங்க. உங்களுக்கு ஜன்னல், அவருக்குக் கழிப்பறை. "வெயில்தானே, சமாளிக்கலாம்"னு தையல்காரர் ஜெயிச்ச மாதிரி சிரிச்சார். உங்க பக்கம் கூட்டம் அதிகம்தான், நான் கண்ணால பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். அப்பவே விசில் ஊதியிருந்தா நீங்க இன்னைக்குத் தலைவர்.

மேலிடத்துலருந்து வந்தவர் ஒரு காலேஜ் வாத்தியார். கழுத்துல கயிறு கட்டி விசில், கையில விதிப் புத்தகம். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க எந்தப் பக்கம்?"ன்னார்.

"எந்தப் பக்கமும் இல்லை தம்பி. உட்கார்ந்திருக்கேன்."

"கொஞ்சம் எழுந்து ஒரு ஓரமா…"

"எழுந்திரிக்க மாட்டேன்."

நான் சத்தமாச் சொல்லலை. எப்படிச் சொன்னேனோ, அவர் மறுபடி கேட்கலை. புத்தகத்தை விரிச்சு, ஊதுறதுக்கு முன்னால விதியை முழுசா வாசிக்கணும்னு விதியிலயே இருக்குன்னு சொல்லி வாசிக்க ஆரம்பிச்சார். வாசிக்கிறார், வாசிக்கிறார், பிரிவு, உட்பிரிவு, உட்பிரிவுக்குள்ள விதிவிலக்குன்னு போய்க்கிட்டே இருக்கு. தலையைத் தூக்கவே இல்லை. வகுப்புல பசங்க என்ன பண்றாங்கன்னு பார்க்காமலே பழகினவர் போல. இங்க ஜன்னல் பக்கம் எல்லாருக்கும் முகம் சிவந்துபோச்சு. அந்தப் பக்கம் எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல்ல வந்தது ஜெராக்ஸ் கடைக்காரி. "பெரியம்மா, ஒரு நிமிஷம் காத்து வாங்கிட்டுப் போயிடுறேன்"னு என் பக்கத்துல வந்து நின்னா. அவளைப் பார்த்து இன்னொருத்தி. அவங்களைப் பார்த்து அந்தப் பக்கத்துலருந்து ரெண்டு பேர். அப்புறம் யாரு எந்தப் பக்கத்துலருந்து வந்தாங்கன்னு சொல்ல முடியாது, எல்லாம் என் தலைக்கு மேல காத்துக்கு அண்ணாந்து நிக்குது. கடைசியா வந்தது உங்க தையல்காரரே. "அக்கா, தண்ணி வச்சிருப்பீங்களே, ஒரு வாய் குடுங்க"ன்னார். குடுத்தேன். தாகத்துக்குக் கேட்டா இல்லைன்னா சொல்றது? அவர் பாட்டிலைத் தூக்கி வாயில சாய்க்கவும், வாத்தியார் கடைசி வரியை வாசிச்சு முடிச்சு, நிமிராமலே விசிலை ஊதவும் சரியா இருந்தது.

அப்படியே நின்னுது கூட்டம். தையல்காரர் பாட்டிலை இறக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு அப்படியே வச்சிருக்கார், தண்ணி தாடையில வழிஞ்சு சட்டைக்குள்ள ஓடுது. உங்க பக்கத்துல உங்க தம்பி மட்டும். அவரும் விசுவாசத்துல நிக்கலை, பேப்பரைத் தலையில போட்டு ஜன்னல் கம்பியில சாய்ஞ்சு தூங்கிட்டார், அதனால நின்னார். அந்தப் பக்கம் கம்பவுண்டரும், கன்னம் வீங்கி வந்திருந்த ஒரு நோயாளியும். வாத்தியார் இப்பத்தான் தலையைத் தூக்கினார்.

"நீங்கள்லாம் யாரைச் சுத்தி நிக்கிறீங்க?"

"ஃபேனைங்க" என்றார் ஒருத்தர்.

"ஃபேன் கட்சி உறுப்பினர் இல்லை."

"அதுவாவது இந்த ஆபீசுல ஒரு வேலை செய்யுது" என்றாள் ஜெராக்ஸ் கடைக்காரி. அவளுக்கு வாய் ஜாஸ்தி, ஆனா நல்ல பொண்ணு.

"மறுபடி ஊதுங்க சார், போய் நின்னுக்கிறோம்"னு தையல்காரர் கெஞ்சினார். பாட்டில் வாயிலயே இருந்ததால பாதி புரிஞ்சுது. வாத்தியார் புத்தகத்தைப் புரட்டி, "ஒரு தடவைக்கு மேல் ஊத விதியில் இடமில்லை"ன்னுட்டார். அப்புறம் கூட்டத்துக்குள்ள தலையை நீட்டி, "நடுவுல இருக்கிற உறுப்பினர் யாரு?"ன்னார். எல்லாரும் கால் நகராம உடம்பை மட்டும் ஒதுக்கினாங்க, நான் இருந்தேன். "அம்மா, நீங்க உறுப்பினர்தானே?"ன்னு கேட்டார். நான் என்ன சொல்றது மாப்பிள்ளை? இல்லைன்னு சொல்லுவேனா? அவர் பொறக்கிறதுக்கு முன்னாலருந்து உறுப்பினர்னேன். எழுதிக்கிட்டார். அவ்வளவுதான். இதுல நான் என்ன சதி பண்ணினேன், சொல்லுங்க. உட்கார்ந்திருந்தேன், தண்ணி குடுத்தேன்.

மத்தக் கிளையெல்லாம் உங்களுக்குப் பாதி, பல் டாக்டருக்குப் பாதின்னு சரிசமமா வந்து நிக்கும்னு நான் கனவா கண்டேன்? இப்ப எங்க கிளை ஓட்டு ஒண்ணுதான் பாக்கி, அது என்கிட்ட. நான் விலகிக்கிறேன், என் ஓட்டு இன்னாருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அவர் தலைவர். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மேலிடத்துக்குப் போய்ச் சேரணும். இதை வாத்தியாரே வீட்டுக்கு வந்து சொல்லிட்டு, காலைத் தொட்டுட்டுப் போனார். விசில் என் முழங்காலில் இடிச்சுது.

அதுக்கப்புறம் நீங்க அனுப்பின சோபா வந்துச்சு. நல்ல சோபா, வழவழன்னு இருக்கு, குறை சொல்லலை. ஆனா நம்ம வீட்டு வாசல் என்ன அகலம்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க சாப்பிட வந்து வந்து போன வாசல்தானே? கொண்டுவந்த ஆளுங்க சாய்ச்சாங்க, படுக்கப் போட்டாங்க, நிமிர்த்தினாங்க, கடைசியில பாதி உள்ளே பாதி வெளியேன்னு சொருகிட்டு, "நாளைக்கு ஆசாரியோட வர்றோம்மா"ன்னு போனவங்கதான். இப்ப என் வீட்டுக்குள்ள வர்றதுன்னா சோபா மேல ஏறி இறங்கித்தான் வரணும். பால்காரர் தெருவுலருந்தே பாக்கெட்டை எறியுறார், ரெண்டு தடவை பிடிச்சுட்டேன், ஒரு தடவை முடியலை. முழங்காலை வச்சுக்கிட்டு நான் வெளியே போறதில்லை. தெருப் பிள்ளைங்களுக்கு மட்டும் கொண்டாட்டம், வெளிப் பாதியில ஏறிக் குதிக்கிறதுங்க.

பல் டாக்டரும் வந்தார். வெள்ளைக் கோட்டோட சோபாவுல ஏறினார், வழுக்கி உள்ளே விழுந்தார், எழுந்து தட்டிவிட்டுக்கிட்டார். எனக்குப் பல்லு செட்டு செஞ்சு தர்றேன்னார். நான் அவரைப் பார்த்து, "ஏன் டாக்டரே, அன்னைக்குப் பிடுங்கினீங்களே"ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரே சொல்றார்: "கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. தப்பு என் மேலதாம்மா. போனைப் பார்த்தா எனக்கு இன்னும் அதான் ஞாபகம் வரும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஆளு ஓட்டுக்குத்தான் வந்தார், அது எனக்குத் தெரியாதா? ஆனா பல்லு எதுன்னு ஞாபகம் வச்சிருந்தார். வாயில மாவை வச்சு அளவெடுத்துக்கிட்டுப் போனார்.

அன்னைக்கு ராத்திரிதான் நீங்க போன் பண்ணினீங்க. என்கிட்ட இல்லை, மகள்கிட்ட போனைக் குடுத்துட்டுப் பின்னாலருந்து பேசினீங்க. "நாற்காலி விஷயத்தை மனசுல வச்சிருக்காங்களாம்"னு அவ சொன்னா. "எந்த நாற்காலி?"ன்னீங்க. நல்லாக் கேட்டுது. கெட்டுப்போன காதுலயே கேட்டுது.

சரி. நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பல் டாக்டர் என்ன இருந்தாலும் வெளி ஆளு. நீங்க என் வீட்டுப் பிள்ளை. என் மகள் அழுதா எனக்குத் தாங்காது. நீங்க தோத்தா அவகிட்டதான் முகத்தைத் தூக்கி வச்சுக்குவீங்க, அதுவும் எனக்குத் தெரியும். அதனால நான் எல்லாத்தையும் விட்டுட்டேன். விலகிக்கிறேன்னும், என் ஓட்டு என் மூத்த மாப்பிள்ளைக்குன்னும் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரி சாட்சிக் கையெழுத்துப் போட்டா. போட்டுட்டு, "பெரியம்மா, நல்லா யோசிச்சீங்களா?"ன்னா. "குடும்பம்டி"ன்னேன். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடவே வைக்கிறேன். கிடைத்ததும் மேலிடத்தில் சேர்த்து, தாங்கள் தலைவராகி, நாலு பேர் மெச்ச நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். மகளுக்கு என் முத்தம். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், உப்பு அளவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவும், அவருக்கு ரத்த அழுத்தம்.

இப்படிக்கு,
தங்கள் நலமே நாடும்
அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டி முடிச்சப்புறம்தான் பார்த்தேன், அந்தத் தாள் உள்ளே இல்லை. ஓரத்தைப் பிரிச்சு இதை எழுதுறேன். எழுத உட்கார்ந்ததுலருந்து நாற்காலி ஆடிக்கிட்டே இருந்தது, உங்க தம்பி உடைச்ச கால்தான். முதல் ரெண்டு பக்கமும் எழுத்து கோணக்கோணையா இருக்கும், பாருங்க. மூணாவது பக்கத்துல கைக்கு எட்டின அந்தத் தாளை எட்டா மடிச்சு அந்தக் காலுக்கு அடியில சொருகியிருக்கேன். அதுலருந்து எழுத்து நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்திருக்கு. ஆசாரி எத்தனையோ கட்டையை வச்சுப் பார்த்தார், ஒண்ணும் இப்படிப் பொருந்தினதில்லை. ஆட்டம் துளிகூட இல்லை. தாள் வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்கங்க, சோபா மேல பார்த்து ஏறுங்க. நான் எழுந்தாத்தான் எடுக்க முடியும். என் முன்னால வந்து நின்னு, "அத்தை, கொஞ்சம் எழுந்திரிங்க"ன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, பார்ப்போம். ஞாயித்துக்கிழமை காலையில பல் டாக்டர் செட்டை மாட்டிவிட வர்றார். அவர் எழுந்திரிக்கச் சொல்ல மாட்டார். அவர் வேலைக்கு நான் உட்கார்ந்துதான் இருக்கணும்.